விடுபட்ட ஐந்து

11-2-1987, புதன்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அவளுடைய முழங்கால் வலி சென்ற மாதம் இருந்தபடியே இருக்கிறது. ஏணியிலிருந்து விழுந்த சகலையின் இடுப்பு எப்படி இருக்கிறது என்பதை நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் தனிப் பத்தியாக எழுது.

உன் கடிதத்தில் 3-2-1987 என்று தேதியிட்டிருக்கிறாய். அஞ்சல் முத்திரையோ 5 என்கிறது. எழுதிய கடிதம் இரண்டு நாள் உன் கைப்பையில் இருந்தது என்று கொள்கிறேன். என் பதில் தாமதமானதற்குக் கைப்பை காரணமல்ல. சில காகிதங்களைத் திரும்பப் படித்துத் தெளிய வேண்டியிருந்தது.

நீ எழுதியவற்றைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் எழுத்தராக இருக்கும் நீ, மேற்பார்வையாளர் பதவிக்கான துறைத் தேர்வுக்கு ஜனவரி 30 அன்று விண்ணப்பித்திருக்கிறாய். தேர்வு மே 17. ஆகஸ்டில் உனக்கு ஐம்பது வயது நிறைகிறது. அதன்பின் தேர்வெழுத விதி இடம் தராது. தேர்ச்சி பெறாத எழுத்தர்களை ஜூலையில் நீர்த்தேக்க அலுவலகத்துக்கு மாற்றப்போகிறார்கள். அங்கிருந்து நாள்தோறும் வீடு வந்து சேர முடியாது; காலையில் சகலையைத் தூக்கி உட்காரவைக்க உன்னைத் தவிர ஆளும் இல்லை. மற்றத் தாள்களைச் சமாளித்துவிடுவாய். ஆங்கிலத் தாள்தான் பயம்; அதிலும் முன்னிடைச் சொற்கள். "என் பாஸ் உங்க கையிலதான் அத்தான்" என்று முடித்திருக்கிறாய். இனி அப்படி எழுதாதே.

ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். நாம் 'மேசைமேல்', 'வீட்டில்', 'பேனாவால்' என்கிறோம். உறவைக் காட்டும் உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாகப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். நம்முடைய ஓர் 'இல்' அவர்களுக்கு 'இன்', 'ஆன்', 'அட்' என மூன்றாகப் பிரியும். ஆகவே மொழிபெயர்த்துப் போடாதே. எந்தச் சொல்லோடு எது வருகிறதோ அதோடு சேர்த்தே படி. சந்தேகங்களுக்கு எண் இட்டு அனுப்பு.

நலம் நாடும்,
அத்தான்

20-2-1987

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

இடுப்புக்குத் தனிப் பத்தி இதோ: எழுந்து நிற்கிறார், நடக்க ஆள் வேண்டும், கோபம் மட்டும் ஆள் இல்லாமலே நடக்கிறது. உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? கைப்பை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஒரே கூத்து. தெரு நெடுக ஓடும் குழாயில் கசிவு என்று புகார் வந்தது. ஆங்கில அறிக்கையில் 'அலாங்' போட வேண்டிய இடத்தில் 'அக்ராஸ்' போட்டுத் தொலைத்தேன். தோண்டும் ஆட்கள் தெருவைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள். பொறியாளர் ஒரே கத்தல். "ஏம்மா, தண்ணி இப்படிப் போகுது, நீங்க அப்படிப் பள்ளம் வெட்டச் சொல்றீங்களே!" மீட்டர் பார்ப்பவர் சும்மா இருப்பாரா? "விடுங்க சார், பள்ளத்துல தண்ணி வரலைனா மழைநீர் சேமிக்கலாம்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சந்தேகங்கள் பன்னிரண்டு. 1. காலைக்கு 'இன்', இரவுக்கு 'அட்', ஏன் இந்த ஓரவஞ்சனை? 2. 'குட் இன்' கணக்கா, 'குட் அட்' கணக்கா? 3. 'சின்ஸ்' எப்போது, 'ஃபார்' எப்போது? 4. 'பிட்வீன்', 'அமங்'. 5. 'பை', 'வித்'. 6. பேருந்துக்கு 'ஆன்', காருக்கு 'இன்' என்கிறார்களே? 7. 'இன் டைம்', 'ஆன் டைம்' இரண்டும் ஒன்றுதானே? 8. 'மேரீட் வித்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடுமா? 9. 'ப்ரிஃபர்' என்பதற்குப் பின் 'தேன்' தப்பாமே? 10. 'பிசைட்', 'பிசைட்ஸ்'. 11. 'டிஸ்கஸ் அபௌட்'. 12. 'இன்', 'இன்டு'.

அக்காவை முழங்காலில் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டாள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சின்னவள்

2-3-1987, திங்கட்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

இரு வீட்டிலும் உடல்நலம் முன்போலவே என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. காலையும் மாலையும் ஒரு நேரப்பரப்பு. அதற்குள் நிகழ்கிறது, ஆகவே 'இன்'. இரவை ஆங்கிலேயர் ஒரு புள்ளியாகப் பார்த்துப் பழகிவிட்டனர். ஓரவஞ்சனை அன்று, வழக்கு. 2. 'அட்' மட்டுமே. 4. இருவருக்கு இடையில் 'பிட்வீன்', ஒரு கூட்டத்துக்குள் 'அமங்'. மூவராயினும் தனித்தனியே எண்ணிச் சொல்லும்போது 'பிட்வீன்' வரலாம். தேர்வில் அவ்வளவு தூரம் போகாதே. 5. செய்தவருக்கு 'பை', கருவிக்கு 'வித்'. கடிதம் எழுத்தரால் எழுதப்பட்டது 'பை'. பேனாவால் எழுதப்பட்டது 'வித்'. நம் 'ஆல்' இரண்டையும் சுமக்கிறது, அதனால்தான் தடுமாறுகிறாய். 6. எதனுள் எழுந்து நடக்கலாமோ அதற்கு 'ஆன்'. எதனுள் குனிந்து உட்கார மட்டும் முடியுமோ அதற்கு 'இன்'. 8. மதிப்பெண் போய்விடும். 'மேரீட் டு' என்றே எழுது. 11. 'டிஸ்கஸ்' தன்னிலேயே நிறைவான வினை. 'அபௌட்' சேர்ப்பது குடைக்குக் குடை பிடிப்பது போன்றது.

பயிற்சிக்கு ஒவ்வொன்றிலும் பத்து வாக்கியம் எழுதிப் பார்.

நலம் நாடும்,
அத்தான்

சின்னு, அக்கா எழுதறேன். அவர் ஸ்டாம்ப் எடுக்கப் போயிருக்காரு, உறை ஒட்டறதுக்குள்ள கிறுக்கறேன். இந்த மனுஷன் உனக்கு எழுதி எழுதிக் கிழிக்கறாரு, கூடை ரொம்பிடுச்சு. போன ஜனவரியில முன்னறையப் பூட்டிக்கிட்டு என்னத்தையோ எழுதி, அரக்கு வெச்சுப் பதிவுத் தபால்ல அனுப்பினாரு. டீ குடுக்கக்கூட என்னை உள்ள விடலை. வருஷா வருஷம் இதே கதைதான். இப்ப உனக்கு எழுதறப்பவும் அதே மூஞ்சி. தைலம் தேச்சாச்சு.

16-3-1987

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? நாங்கள் நலம். குடைக்குக் குடை பிடித்த உதாரணத்தைப் புகார்ப் பிரிவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பொறியாளரின் அறிக்கையிலேயே 'டிஸ்கஸ் அபௌட்' இருப்பதைக் கண்டுபிடித்து மூன்று பேர் ரகசியமாகச் சந்தோஷப்படுகிறோம்.

ஆனால் 3, 7, 9, 10, 12 ஆகிய ஐந்துக்கும் பதில் காணோம். உறைக்குள் வைக்கும்போது ஒரு தாள் தவறி விழுந்துவிட்டதா? மேசைக்கு அடியில் பாருங்கள். மீட்டர் பார்ப்பவர் கிண்டல் செய்கிறார்: "உங்க அத்தான் பெரிய புலின்னீங்க, பாதியில படுத்துட்டாரே!" மானத்தைக் காப்பாற்றுங்கள்.

அன்புடன்,
சின்னவள்

25-3-1987, புதன்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கு நலம். அங்கும் அவ்வாறே என்று நம்புகிறேன். தாள் எதுவும் தவறி விழவில்லை. வேறு சந்தேகங்கள் இருப்பின் எழுது. சகலைக்கு என் வணக்கம்.

அத்தான்

16-4-1987

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நலம். நலமறிய ஆவல். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் கோபம். நான்கு வரிக் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "ஒண்ணு தெரியாதுன்னு சொல்லணும், இல்ல சொல்ல மாட்டேன்னு சொல்லணும். இது என்ன, பாதி பல்லைக் காட்டிட்டு வாயை மூடிக்கறது?" என்றார்.

இரண்டாம் வாரம், கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பரப்பினேன். உங்கள் பதிலை ஒரு பக்கம், அதன் அடியில் அக்கா கிறுக்கியதை இன்னொரு பக்கம். பூட்டிய முன்னறை, அரக்கு, பதிவுத் தபால், விடுபட்ட ஐந்து. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. நீங்களும் எதையும் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த ஐந்துக்கும் நான் விடை தேடவில்லை. இலக்கணப் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் திறக்காதபடி துணி காய வைக்கும் கிளிப்பை மாட்டி வைத்திருக்கிறேன். கை அங்கேதான் போகிறது, அத்தான்.

இலக்கணம் பற்றி இனி எழுத வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு.

சின்னவள்

22-4-1987, புதன்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கு இருவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். எனக்கு நான்கு நாளாக உறக்கம் சரியில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ ஊகித்தது சரி. துறைத் தேர்வுகளின் ஆங்கிலத் தாளைத் தயாரிப்பவர்களில் நானும் ஒருவன். மனைவிக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. உன் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. உறவினர் எவரும் தேர்வெழுதவில்லை என்ற உறுதிமொழியில் நான் கையெழுத்திட்டது ஜனவரி 9. தாளை அனுப்பியது ஜனவரி 21. நீ விண்ணப்பித்தது ஜனவரி 30. உன் கடிதம் வந்தபின் உறுதிமொழிப் படிவத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனைவி, மக்கள், உடன்பிறந்தோர் என்று இருந்தது. மனைவியின் தங்கை என்ற சொல் இல்லை. அந்த இல்லாமையில் போய் ஒதுங்கிக்கொண்டேன்.

உன் பன்னிரண்டு சந்தேகங்களில் ஐந்து என் தாளில் இருந்தன. அவற்றைத் தொடாமல் விடுவதே நேர்மை என்று நினைத்தேன். பன்னிரண்டுக்கும் பதில் எழுதியிருந்தால் நீ எதையும் அறிந்திருக்க மாட்டாய். ஒன்றுக்கும் எழுதாதிருந்தாலும் அறிந்திருக்க மாட்டாய். ஏழுக்கு எழுதி ஐந்தை விட்டதால், ஐந்தின் கீழும் நானே கோடிட்டுக் கொடுத்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கில வகுப்பில் பிறர் பிழையைத் திருத்தியவன் செய்த பிழை இது.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் தேர்வு தள்ளிப்போகக் கூடும். ஆகஸ்டுக்கு அப்பால் போனால் உனக்கு வாய்ப்பே இல்லை. 27ஆம் தேதி திங்கட்கிழமை வரை அதை என் மேசையில் வைத்திருப்பேன். உன் கருத்தை எழுது.

அத்தான்

25-4-1987

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எங்கள் அலுவலக வண்டி ஓட்டுநர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. நன்றாகத் தூங்குங்கள்.

அனுப்ப வேண்டாம். உங்களுக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொல்கிறேன். தேர்வு தள்ளிப்போனால் இவரை யாரிடம் விட்டுவிட்டு நீர்த்தேக்கத்துக்குப் போவேன்? நேர்மைக்கு நான் வழி வைத்திருக்கிறேன். அந்த ஐந்தும் வந்தால் வெறுமையாக விட்டுவிடுவேன். ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண் என்றால் பத்து போகும். மீதித் தொண்ணூறில் நாற்பது எடுக்க எனக்குத் துப்பு இருக்கிறது. யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் நஷ்டம் இல்லை. இது நமக்குள் ஒப்பந்தம்.

இவர் சொல்கிறார்: "உங்க அத்தான் நல்ல மனுஷன்தான். ஆனா நல்ல மனுஷன்கூட இருக்கறது ரொம்பச் செலவு."

சின்னவள்

7-5-1987, வியாழக்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். உன் அக்காவின் முழங்காலுக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பலன் தெரிகிறது. தேர்வு 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அறிவித்தபடியே நடைபெறும். முந்தைய நாள் படிக்காதே, உறங்கு. இரண்டு பேனா எடுத்துச் செல். வினாத்தாளை முழுதும் ஒருமுறை படித்தபின் எழுதத் தொடங்கு.

ஆசிகளுடன்,
அத்தான்

18-5-1987

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலம், நலம்! நேற்று எழுதிவிட்டேன். இவரைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் பார்த்துக்கொண்டார். தேர்வறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என்னில் பாதி வயதுகூட இருக்காது. "ஆன்ட்டி, நீங்க கண்காணிப்பாளர்னு நினைச்சு எழுந்து நின்னுட்டேன்" என்றாள்.

தாளை வாங்கி நீங்கள் சொன்னபடி முழுதும் படித்தேன். நம் ஐந்தில் மூன்று இருந்தன: 'சின்ஸ்', 'இன் டைம்', 'ப்ரிஃபர்'. மற்ற இரண்டைக் காணோம்; நீங்கள் எண்ணித் தவறிவிட்டீர்கள் போலிருக்கிறது, உங்களுக்கும் அப்படி நடக்குமா? மூன்றையும் கோடு போட்டு விட்டுவிட்டேன். மறுபடி மறுபடி கண் அங்கேயே போனது. பேனாவை மூடிப் பைக்குள் போட்ட பிறகுதான் நின்றது. ஒப்பந்தப்படி நடந்துவிட்டேன். உங்கள் கையும் சுத்தம், என் கையும் சுத்தம்.

சந்தோஷமாக,
சின்னவள்

26-5-1987, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் 21ஆம் தேதி வந்தது. ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். இதை எப்படி எழுதினாலும் ஒன்றுதான் என்பதால் நேராக எழுதுகிறேன்.

நீ எழுதிய தாள் என்னுடையது அல்ல.

ஏப்ரல் 27 அன்று, நீ வேண்டாம் என்று எழுதியிருந்தும், கட்டுப்பாட்டு அலுவலருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். வெறுமையாக விடுவது உன் நேர்மை. அது என் பிழையைத் துடைக்காது என்று கருதினேன். மே 4 தேதியிட்ட பதில் வந்தது. உன்மீது குற்றமில்லை, நீ தேர்வெழுதலாம், என் தாளுக்குப் பதில் வேறொருவர் தயாரித்த தாள் தரப்படும் என்று இருந்தது. தேர்வு முடியும்வரை எவரிடமும், குறிப்பாகத் தேர்வரிடம், இதைக் கூறலாகாது என்ற ஆணையும் இருந்தது. 'சின்ஸ்', 'ஃபார்' எல்லா ஆண்டும் எல்லார் தாளிலும் வருபவை. அதை அறிந்த நான், மே 7 அன்று உனக்கு எழுதும்போது குறிப்புக் கூடக் காட்டவில்லை. முதல் தடவை என் மௌனம் அதிகம் பேசிவிட்டது. இரண்டாம் தடவை அது பேசவே கூடாது என்று பேனா தேய எழுதினேன். அந்த ஐந்தில் எது வந்தாலும் நீ விட்டுவிடுவாய் என்று தெரிந்தே இரண்டு பேனா எடுத்துச் செல்லச் சொன்னேன்.

தேர்வு முடிந்ததால் ஆணை காலாவதியாகிவிட்டது. நீ எழுதியிருந்தால் அந்த ஆறு மதிப்பெண்ணும் நேர்மையாகவே உனக்கு உரியவையாக இருந்திருக்கும்.

அத்தான்

12-7-1987

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

இவர் நலம். நானும் நலம்தான். ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கைப்பை இல்லை.

ஆங்கிலத்தில் முப்பத்தாறு வாங்கியிருக்கிறேன். நாற்பது வேண்டும். ஜூலை 1 முதல் நீர்த்தேக்க அலுவலகம். இவரை ஒரு வேனில் படுக்கவைத்துக் கூட்டிவந்தேன். அணைக்கட்டுக்குக் கீழே ஓட்டு வீடு, முன்னால் நான்கு படி. காலையில் காவலாளி வந்து ஒரு கை கொடுக்கிறார். இங்கே வந்த முதல் நாளே இவர் சொன்னார்: "பரவாயில்லை, தண்ணி கஷ்டம் இல்லாத ஊரு." நானும் சிரித்துவிட்டேன்.

அந்த ஐந்தையும் முடிவு வந்த அன்றே படித்துவிட்டேன், விடை அனுப்ப வேண்டாம். மறுமதிப்பீடு, மனு என்று எதுவும் எழுதவும் வேண்டாம். நான் விட்டதை நான்தான் விட்டேன்.

கோபம் மதிப்பெண்ணுக்காக இல்லை. நான் ஒப்பந்தம் என்று எழுதினேன், நீங்கள் அதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாத்திரை பற்றி எழுதினீர்கள். பதினான்கு வருஷம் வினாத்தாள் தயாரித்த உங்களை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்களாமே, அதையும் நீங்கள் எழுதவில்லை. நீங்கள் அக்காவிடம் எல்லாம் சொன்ன பிறகு அக்கா எழுதினாள். முன்னறைக் கதவை இப்போது சாத்துவதே இல்லை என்றும் எழுதினாள். எனக்கு அதைப் படித்து ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எனக்குச் சொல்லக் கூடாதது ஏதாவது இருந்தால், 'சொல்ல முடியாது' என்று எழுதுங்கள். பிப்ரவரியில் அப்படி எழுதியிருந்தால் வேறு யாரிடமாவது போய்ப் படித்திருப்பேன். மே மாதம் எழுதியிருந்தால் ஏதோ மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டிருப்பேன். அந்த இரண்டு வார்த்தையைத் தடுக்க எந்த விதியும் இல்லையே, அத்தான்?

அக்காவின் முழங்கால் எப்படி?

சின்னவள்

20-7-1987, திங்கட்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் 16ஆம் தேதி வந்தது. முழங்கால் நலம், நான்கு படி ஏறும் அளவுக்கு நலம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டதை விதிப்புத்தகத்தில் தேடினேன். தடை எதுவும் இல்லை. மனு எழுத மாட்டேன். எழுதியிருந்ததை இன்று காலை கிழித்துவிட்டேன்.

சகலைக்கு ஒரு கேள்வி: வாசலின் அகலம் என்ன, கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்று அதில் நுழையுமா? மறுதபாலில் எழுதச் சொல்.

ஆகஸ்ட் 1, சனிக்கிழமை, நீங்கள் இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போக வேண்டாம். காலையிலேயே உலையில் கொஞ்சம் கூடுதலாக அரிசி போட்டு வை. ஏன் என்று கேட்காதே. உன் அக்கா சொல்லக் கூடாது என்கிறாள். ஆகவே, சொல்ல முடியாது.

அத்தான்